காலால் அழித்த தடம்

பெத்யூன், 27 மே 1996

லூதிவின்,

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதென்றாலும் முதல் பத்து வரியாவது படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பாரிஸில் நீ செய்ததை மூன்று நாளாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் பிரதான சுற்று. ஏழு வருடமாக அந்த வாசல்வரை போய்த் திரும்பி வந்திருக்கிறோம். மூன்றாவது செட், எட்டுக்கு ஒன்பது, க்ளோதில்துக்கு மேட்ச் பாயின்ட். அவள் அடித்த பந்து பின்கோட்டுக்கு வெளியே விழுந்தது. லைன் நடுவர் கையை நீட்டி, வெளியே என்று கத்திவிட்டார். அம்பயர் நாற்காலியைவிட்டு அசையவில்லை. க்ளோதில்தே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அடுத்த பாயின்டுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டாள். உன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீயாகப் போய், பந்து மண்ணில் பதித்த தடத்தைப் பார்த்தாய். ஷூவால் தேய்த்து அழித்தாய். செம்மண் டென்னிஸ் கோர்ட்டில் தடத்தை அழித்தால், பந்து உள்ளேதான், பாயின்ட் உனக்குத்தான் என்று எதிராளியிடம் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். இது நம் கிளப் நாய்க்குக்கூடத் தெரியும்.

பிறகு சிரித்துக்கொண்டே வலைக்குப் போய்க் கை கொடுத்தாய். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

நடைபாதையில் நான் சொன்னதைத் திரும்பப் பெறப்போவதில்லை. "உனக்கு ஜெயிக்க பயம்டி. அதுக்கு நேர்மைன்னு பேர் வச்சுக்காத" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாய். போகிற போக்கில் நடுவர் அலுவலகத்தில் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன? கடைசிச் சுற்றில் தோற்றவர்கள் தினமும் காலையில் அந்த மேசையில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருப்பதை நீ பார்த்ததே இல்லையா? காயம் என்று யாராவது விலகினால், கையெழுத்துப் போட்டவர்களில் தரவரிசையில் மேலே இருப்பவளுக்கு அந்த இடம். தோற்றவர்களில் நீதான் மேலே. இன்று காலை இரண்டு பேர் விலகினார்கள். இதுவரை உன்னிடம் ஒரு செட்கூட எடுக்காத அந்த துலூஸ்காரி இப்போது உன் இடத்தில் ஆடிக்கொண்டிருக்கிறாள். நான் கிளப்பில் அம்மா நடத்துகிற பாரில் அவளோடு உட்கார்ந்து அதை டிவியில் பார்க்கிறேன்.

அம்மா யார் பக்கமும் பேசுவதில்லை. "உங்க ரெண்டு பேர் சண்டையில என் உருளைக்கிழங்கு தீயுது" என்கிறாள். உண்மையிலேயே இரண்டு தடவை தீய்ந்தது.

இனி நான் உன் பயிற்சியாளர் இல்லை. ராக்கெட்டுகள் ரெனோ காரின் டிக்கியில் இருக்கின்றன. சாவி அம்மாவிடம். நான் கிளப் கோர்ட்டுகளைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, உருளை உருட்டிப் பிழைத்துக்கொள்கிறேன். மண்ணாவது நான் சொன்னதைக் கேட்கும்.

ஆர்மெல்


பிரெஷ்யா, இத்தாலி, 11 ஜூன் 1996

~~அக்கா~~ ஆர்மெல்,

பழக்கதோஷத்தில் எழுதிவிட்டு அடித்தேன். அடித்தது உனக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு காகிதம் எடுக்கவில்லை.

முழுக் கடிதத்தையும் படித்தேன். கிழிக்கவில்லை. ரயிலில் படித்தேன், ஓட்டலில் படித்தேன், நேற்று முதல் சுற்றில் தோற்றுவிட்டு வந்து மறுபடியும் படித்தேன்.

பந்து கோட்டில் பட்டது. நான் தடத்துக்கு இரண்டடி தள்ளி நின்றேன். நீ எட்டாவது வரிசையில் யாரோ ஒருவருடைய தொப்பிக்குப் பின்னால் இருந்தாய். லைன் நடுவர் தவறு செய்தார். அம்பயர் சோம்பேறி. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? தடம் கோட்டைத் தொட்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். பார்த்தபிறகு பார்க்காதவள் மாதிரி நடந்துபோக எனக்குத் தெரியாது.

கையெழுத்தைப் பற்றிக் கேட்கிறாயே. அந்த மேசை எங்கே இருந்தது? நடைபாதையின் மறு கோடியில். நடுவில் யார் யார் நின்றார்கள்? ஆட்டக்காரிகள், அவர்களுடைய அம்மாக்கள், மசாஜ் செய்கிறவர், இரண்டு பத்திரிகைக்காரர்கள். நீ கத்தியதைக் கேட்டு எல்லோரும் சுவரோடு ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்கள். பிணம் போகும்போது ஒதுங்குவார்களே, அப்படி. அவர்களைத் தாண்டிப்போய், தோற்றவர்கள் பட்டியலில் கையெழுத்துப் போட என்னால் முடியவில்லை. ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்க வாசல் இருந்தது. போய்விட்டேன். அந்த இடம் என் கையைவிட்டுப் போனதற்குக் காரணம் என் கால் இல்லை, உன் வாய்.

சிரித்தது ஏன் என்று தெரிய வேண்டுமா? சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னை நொந்துகொள்ளாதே.

1982, லீல். மண்டல இறுதி ஆட்டம். ஜெயிக்கிறவளுக்கு தேசியப் பயிற்சி மையத்தில் இடம். உனக்குப் பதினேழு வயது. உன் எதிரில் ஆராஸிலிருந்து வந்த பெராஞ்சேர். அவளுடைய பந்து ஒன்று கோட்டில் விழுந்தது. நீ கையைத் தூக்கி, வெளியே என்றாய். அம்பயர் இறங்கி வந்து எந்தத் தடம் என்று கேட்டார். நீ பக்கத்தில் கோட்டுக்கு வெளியே இருந்த பழைய தடத்தை ராக்கெட்டால் வட்டம் போட்டுக் காட்டினாய். நான் பின்கோட்டுக்கு நேர் பின்னால், முதல் பெஞ்சில் இருந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. ஆனால் கண் இருந்தது. வீட்டுக்கு வருகிற வழியில் எனக்கு ஒரு வாஃபிள் வாங்கிக் கொடுத்தாய். அதற்கு முன்னால் நீ எனக்கு எதுவுமே வாங்கிக் கொடுத்ததில்லை. பேசாமல் தின்றேன்.

பாரிஸில் அந்தத் தடத்தை அழித்தபோது, நான் நீ இல்லை என்று நினைத்தேன். அதனால்தான் சிரித்தேன்.

லூதிவின்


பெத்யூன், 20 ஜூன் 1996

லூதிவின்,

பன்னிரண்டு வயதில் பெஞ்சில் உட்கார்ந்து வாஃபிளைக் கனவு கண்டுகொண்டிருந்தவளுக்கு எது எந்தத் தடம் என்று தெரிந்ததாம். அம்பயர் இறங்கி வந்து பார்த்து, என் பக்கம் தீர்ப்புச் சொன்ன ஆட்டம் அது. பதினான்கு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, இப்போது உன் தோல்வியை நியாயப்படுத்த என்னைத் திருடியாக்குகிறாய். நன்றாக இரு.

நீ கண்ணைப் பற்றிப் பேசுகிறாய். இதனுடன் ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். நம் ஊர்ப் பத்திரிகைக்காரர் எடுத்தது. பாரில் பீர் குடிக்க வந்தவர், உனக்கு வேண்டியிருக்கும் என்று கொடுத்துவிட்டுப் போனார். நீ ஷூவால் தேய்க்கிற அந்த நொடி.

ஷூவுக்குக் கீழே பாதி அழிந்த தடத்தைப் பார். உருண்டையாக இருக்கிறது. உயரத்திலிருந்து விழுந்த பந்துதான் அப்படி விழும். ஏழுக்கு ஏழில் க்ளோதில்த் உன் தலைக்கு மேல் தூக்கியடித்தாளே, நீ ஓடிப்போய்த் திருப்பினாயே, அந்தப் பந்து. இப்போது ஒரு சாண் பக்கவாட்டில் பார். நீளமாக, சாய்வாக, ஓரம் கூர்மையாக ஒரு தடம். மேட்ச் பாயின்டில் அவள் குறுக்கே வேகமாக அடித்த பந்து அதுதான். கோட்டுக்கும் அதற்கும் நடுவில் என் இரண்டு விரல் போகும். ஒன்றரை மணி நேரமாகப் பெருக்காத கோர்ட். உன்னைச் சுற்றி நூறு தடம். நீ முதலில் கண்ணில் பட்டதை அழித்தாய். மற்றவர்கள் என்ன செய்வார்கள்? நீயே அழித்தபிறகு அம்பயர் எதற்கு இறங்கி வருகிறார்?

நேர்மை நேர்மை என்று சிரித்தாயே. நீ அழித்தது வேறு பந்தின் தடம்.

ஆர்மெல்


பலேர்மோ, 22 ஜூலை 1996

ஆர்மெல்,

ஒரு மாதம் பதில் எழுதவில்லை. உன் போட்டோவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டல் வரவேற்பில் இருக்கிற கிழவர் தபால்தலை சேர்க்கிறவர், கண்ணாடி அவருடையது. நீ சொன்னது சரி. உருண்டை. நீளம். இரண்டு விரல். எல்லாம் சரி.

இதை ஏன் எனக்கு அனுப்பினாய்?

நான் தோற்றேன். அது பழக்கமானதுதான். ஏழு வருடமாகத் தோற்றிருக்கிறேன், எழுந்து அடுத்த ஊருக்குப் போயிருக்கிறேன். ஆனால் இந்த ஒரு தோல்வி மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. நன்றாகத் தூங்கினேன், தெரியுமா? முதல் தடவையாகத் தோற்ற ராத்திரி நன்றாகத் தூங்கினேன். நீ அதையும் உருவிக்கொண்டுபோய்விட்டாய். உனக்கு அது தேவைப்பட்டதா? லீலைப் பற்றி எழுதியதற்குப் பழிவாங்க வேறு எதுவும் கிடைக்கவில்லையா?

இப்போது என் நிலைமையைச் சொல்கிறேன், சந்தோஷப்படு. ஒவ்வொரு பந்துக்கும் குனிந்து தடத்தைத் தேடுகிறேன். அம்பயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். போன வாரம் ஒரு செட்டில் பதினோரு தடவை இறங்கி வரச் சொன்னேன். பதினோராவது தடவை அந்த அம்மாள், "பேசாம நாற்காலியைக் கீழயே போட்டுடட்டுமா?" என்று கேட்டாள். எதிரில் இருந்தவள் சிரித்தாள். உடை மாற்றும் அறையில் என்னைத் தொல்பொருள் ஆராய்ச்சிக்காரி என்கிறார்கள். பந்து வரும்போது பந்தைப் பார்க்காமல் மண்ணைப் பார்க்கிறேன். ஐந்து போட்டி, ஐந்திலும் முதல் சுற்றிலேயே தோல்வி.

இதுவே போதும். இலையுதிர் காலத்துக்குப் பிறகு ஆடமாட்டேன். நாந்த்தில், முன்பு நம் கிளப்பில் இருந்த மாரிஸ் அண்ணனுடைய விளையாட்டுச் சாமான் கடையில் வேலை இருக்கிறது. ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுவேன். அம்மாவிடம் நானே சொல்கிறேன். நீ முந்திக்கொண்டு சொல்லாதே.

லூதிவின்


பெத்யூன், 14 அக்டோபர் 1996

லூலு,

நீ சொல்வதற்கு முன் நான் அம்மாவிடம் சொல்லவில்லை. நீ சொன்னபிறகு அவள் ஒரு நாள் முழுக்க பாரைத் திறக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவள் அடைத்தது இரண்டாவது தடவை. முதல் தடவை நான் ஆட்டத்தை விட்டபோது.

இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். சிக்கரி காபி ஆறிப்போய்விட்டது, இன்னொன்று போட்டேன், அதுவும் ஆறிவிட்டது. சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். லீலில் நான் ஏமாற்றினேன். நீ பார்த்தது சரி. தெரிந்தேதான் வேறு தடத்தைக் காட்டினேன். நீ பார்த்துவிட்டாய் என்பதும் தெரியும். வாஃபிள் அதற்குத்தான்.

பயிற்சி மையத்தில் இடம் கிடைத்தது. ஐந்து வருடம் அங்கே இருந்தேன். கோட்டுக்குப் பக்கத்தில் பந்து விழுகிற ஒவ்வொரு தடவையும் என் கண் அம்பயர் நாற்காலிக்குப் போகும். மற்றவர்களுக்கு அது ஒரு பாயின்ட். எனக்கு அந்த அம்பயர் மறுபடியும் இறங்கி வருவது மாதிரி இருக்கும். பிறகு முழங்கால் சவ்வு கிழிந்தது. அது உண்மை. அறுவைச் சிகிச்சை நடந்தது. அதுவும் உண்மை. ஆறு மாதத்தில் முழுவதும் சரியாகிவிட்டது, ஆடலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை ஆராஸ் ரோட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டேன். வீட்டுக்கு வந்து, முடியாதாம் என்றேன். அம்மா பாரை அடைத்தாள். நீ என் காலில் ஐஸ் கட்டினாய். என் முழங்காலுக்கு ஒன்பது வருடமாக ஒன்றுமே இல்லை.

பாரிஸில் எட்டாவது வரிசையில் உட்கார்ந்து, நீ அந்தத் தடத்தை அழிப்பதைப் பார்த்தேன். யாரும் கேட்காமல், ஒரு நொடிகூட யோசிக்காமல் காலை வைத்தாய். எனக்குத் தலைக்குமேல் ஏறியது கோபமா வேறு எதுவுமா என்று இப்போதும் தெரியவில்லை. உன்னை நொறுக்க வேண்டும் போல இருந்தது. நடைபாதையில் நொறுக்கினேன். அது போதவில்லை, போட்டோவும் அனுப்பினேன்.

மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைக்காதே. உன்மேல் இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. தடத்தைத் தேடத் தெரியாதவளுக்கு ஆட்டம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் கடையில் நரம்பு கட்டப் போகிறேன் என்கிறாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் ஓடிவந்த மாதிரியே நீயும் ஓடுகிறாய். எனக்கு ஓடுவதற்கு ஒரு காரணம் இருந்தது. நீ ஒரு தடத்தை மாற்றிப் பார்த்தாய், அவ்வளவுதான்.

ஆர்மெல்


நாந்த், 5 நவம்பர் 1996

ஆர்மெல்,

லீலைப் பற்றி நீ எழுதியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. முழங்காலைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அந்த வரிகளைக் கடையில் நின்று படித்தேன். கையிலிருந்த ராக்கெட்டைச் சுவரில் அடித்தேன். வாடிக்கையாளருடையது. மாரிஸ் அண்ணன் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஒன்பது வருடம்.

பதினெட்டு வயதில் ஆட்டத்தை விட்டுவிட்டு நர்ஸ் வேலைக்குப் படிக்கிறேன் என்றேன். ஞாபகம் இருக்கிறதா? அம்மா ஒரு வார்த்தைதான் சொன்னாள், "அக்காவால முடியாமப் போச்சு, நீயாவது ஆடு." நீ சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாய். வாயைத் திறக்கவில்லை. இருபத்தொரு வயதில் மறுபடி விட நினைத்தேன். அப்போதும் உன் முழங்கால். மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாயே, அதுவும் நடிப்பா? ஒவ்வொரு ஊரிலும் உன் பையையும் சேர்த்து நான்தான் தூக்கினேன். உனக்கு வலிக்கக் கூடாது என்று தூக்கினேன். நான் ஆடியது எனக்காக இல்லை. அந்த முழங்காலுக்காக. அதற்கு ஒன்றுமே இல்லை என்று ஒன்பது வருடம் கழித்து ஒரு காகிதத்தில் எழுதி அனுப்புகிறாய்.

உன்னை மன்னிக்க எனக்கு அவசரம் இல்லை.

இரண்டு நாள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் தெருமுனைக் கிளப்புக்குப் போய்ச் சுவரில் பந்தடித்தேன். உள் அரங்கம், மண் இல்லை, தடம் இல்லை. நான்கு மணி நேரம் அடித்தேன். யாருக்காகவும் அடிக்கவில்லை. கை நன்றாக இருந்தது. பந்து நன்றாகப் போனது. இது எனக்குப் பிடித்திருக்கிறது என்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அதற்கும் உன்மேல்தான் கோபம் வருகிறது.

ஜனவரியிலிருந்து ஆடப்போகிறேன். தனியாக. மே மாதம் பாரிஸ் தகுதிச் சுற்றுக்குத் தரவரிசை போதும். ஒரே ஒரு தடவை, பிரதான சுற்றுக்குள்ளே ஒரு ஆட்டம். அதற்குப் பிறகு நரம்பு கட்டுகிறேன்.

இரண்டு விஷயம். நான் ஆடுகிற இடத்தில் உன் தலை தெரியக் கூடாது. தெரிந்தால் பாதி ஆட்டத்தில் வெளியே போய்விடுவேன். இரண்டாவது, லீலில் நடந்ததை என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? நான்தான் பார்த்தேனே. சொல்ல வேண்டியது பெராஞ்சேரிடம். ஆராஸ் முப்பது கிலோமீட்டர்.

லூதிவின்


பெத்யூன், 17 மார்ச் 1997

லூலு,

கோர்ட்டுகளைத் திறந்துவிட்டோம். இந்த வருடம் பனி மண்ணை நன்றாகக் கிளப்பிவிட்டது. புதிதாகச் செங்கல் பொடி போட்டு, மூன்று வாரமாக உருளை இழுக்கிறேன். முதுகு போய்விட்டது. முழங்கால் இல்லை, முதுகு.

ஆராஸுக்குப் போனேன். போன வியாழக்கிழமை. நான்கு மாதம் தள்ளிப்போட்டேன் என்று திட்டாதே, திட்டவேண்டியவள் திட்டிவிட்டாள்.

பெராஞ்சேர் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறாள். பெயரைச் சொன்னதும் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "ஏறு" என்றாள். ஏறினேன். அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தடம், பயிற்சி மையம், முழங்கால், நீ, பாரிஸ். இருபது நிமிடம். அவள் சாலையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

முடித்தபிறகு சொன்னாள், "எனக்கு அன்னிக்கே தெரியும். வலைக்கு அந்தப் பக்கம் நின்னேன், குருடியா என்ன? வலையைத் தாண்டி வந்து தடத்தைக் காட்டக் கூடாதுன்னு சட்டம். அதனால நின்ன இடத்துலயே நின்னேன். பதினஞ்சு வருஷமா அங்கதான் நிக்கிறேன்."

மன்னித்துவிடு என்றேன்.

"அது இந்த வண்டில கிடைக்காது" என்றாள். பிறகு ஊருக்கு வெளியே, பீட்ரூட் வயல் நடுவில் வண்டியை நிறுத்தினாள். நல்ல மழை. கதவைத் திறந்துவிட்டு, "முழங்கால் நல்லாத்தான இருக்கு? நட" என்றாள்.

நடந்தேன். ஸ்டேஷனுக்கு ஆறு கிலோமீட்டர். சட்டை, ஷூ எல்லாம் பிழிய வேண்டியிருந்தது. கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. யார்மேல் என்று தெரியாமல் நடந்தேன். பாதி வழியில் ஒரு விஷயம் உறைத்தது. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகக் கைப்பிடி தேடாமல் நடக்கிறேன் என்று. அதற்காக அவளுக்கு நன்றி சொல்லமாட்டேன்.

நான் வண்டியைவிட்டு இறங்கும்போது அவள் ஒன்று கேட்டாள். "தப்பான தடத்தை அழிச்சது உன் தங்கச்சிதான? பேப்பர்ல போட்டோ பாத்தேன்." ஆமாம் என்றேன். "அவ கிட்ட சொல்லு, அழிக்கறதுக்கு முன்னாடி குனிஞ்சு பாக்கணும்னு" என்றாள். சொல்லிவிட்டேன்.

பாரிஸுக்கு வரமாட்டேன். டிவியில் தகுதிச் சுற்றைக் காட்டமாட்டார்கள். அம்மாவுக்குப் போன் செய்து ஸ்கோரை மட்டும் சொல். என்னிடம் பேச வேண்டாம்.

ஆர்மெல்


பாரிஸ், 26 மே 1997

அக்கா,

அம்மா ஸ்கோரைச் சொல்லியிருப்பாள். மூன்றாவது செட், ஆறுக்கு நான்கு. மறுபடியும் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம், மறுபடியும் தோல்வி. மீதியை அம்மாவிடம் சொல்லவில்லை.

நாலுக்கு நாலு. என் சர்வீஸ். எதிரில் ஒரு ஸ்லோவாக்கியப் பெண், பத்தொன்பது வயது, கையில் இடி. அவளுக்குப் பிரேக் பாயின்ட். அவள் அடித்த பந்து பின்கோட்டு மூலையில் விழுந்தது. லைன் நடுவர் வெளியே என்றார். அவள் கையை விரித்தாள். அம்பயர் அசையவில்லை. எல்லாம் போன வருடம் மாதிரியே. என் கால் தானாகப் போய் ஒரு தடத்தின் மேல் நின்றது. தேய்க்கவில்லை. காலைத் தூக்கினேன். குனிந்தேன். முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன். கூட்டத்தில் சிரித்தார்கள். உருண்டையாக ஒன்று, நீளமாக ஒன்று. நீளமான தடத்தின் நுனி கோட்டைத் தொட்டிருந்தது. முடி அகலம். ஆனால் தொட்டிருந்தது.

சரியான தடத்தை அழித்தேன்.

கேம் போயிற்று. அடுத்த கேமில் ஆட்டமும் போயிற்று. கை கொடுக்கும்போது சிரிக்கவில்லை, அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஸ்டேஷன் பக்க வாசல் திறந்துதான் இருந்தது. போகவில்லை. அதே நடைபாதையில் எல்லோர் நடுவிலும் நடந்துபோய்க் கையெழுத்துப் போட்டேன். சனிக்கிழமை போட்டேன். ஞாயிற்றுக்கிழமை போட்டேன். நாள் முழுக்க அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்து, யாருக்காவது கால் சுளுக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருப்பது எவ்வளவு கேவலம் என்று உனக்குத் தெரியாது. இன்று காலையும் போட்டேன். பதினொரு மணிக்கு ஒரு அமெரிக்கப் பெண்ணுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நான் உள்ளே இருக்கிறேன். மழையால் ஆட்டங்கள் தள்ளிப்போய்விட்டன. என் ஆட்டம் புதன்கிழமை, காலை பதினொரு மணி, ஏழாம் கோர்ட்.

உன்மேல் கோபம் போகவில்லை. ஒன்பது வருடத்துக் கோபம் ஆறு மாதத்தில் போகுமா? முழங்காலைப் பற்றி நினைத்தால் இப்போதும் கையில் கிடைப்பதை எறியத் தோன்றுகிறது. உன் பையை இனி ஒருநாளும் தூக்கமாட்டேன்.

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். நாளை வந்துவிடும். உள்ளே ஒரு டிக்கெட் இருக்கிறது. இடத்தை நானே கேட்டு வாங்கினேன். முதல் வரிசை, பின்கோட்டுக்கு நேர் பின்னால். அங்கிருந்து எந்தத் தடம் எந்தப் பந்துடையது என்று நன்றாகத் தெரியும். வந்து உட்கார். வாயைத் திறக்காதே.

வரும்போது வாஃபிள் வாங்கி வராதே.

லூலு